தரவுத்தளக் காப்புப்பிரதி முன்னேற்றக் கண்காணிப்பு

தரவுத்தளக் காப்புப்பிரதி முன்னேற்றக் கண்காணிப்பு என்பது, வழக்கில் பேக்கப் எனப்படும் காப்புப்பிரதி எடுக்கப்படும்போது எவ்வளவு பணி முடிந்துள்ளது, எவ்வளவு எஞ்சியுள்ளது, எப்போது முடியும் என்பவற்றை அறியும் முறை ஆகும். முடியும் நேரமாகத் திரையில் தெரிவது ஒரு மதிப்பீடு மட்டுமே. அதுவரை பணி நடந்த வேகத்தைக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது.

தேவை

பெரிய தரவுத்தளத்தின் முழுக் காப்புப்பிரதிக்குப் பல மணி நேரம் ஆகலாம். அந்நேரத்தில் வட்டின் மீதும் வலைப்பின்னலின் மீதும் சுமை கூடும் என்பதால், பெரும்பாலும் இப்பணி இரவில் செய்யப்படுகிறது. காலையில் அலுவலகம் தொடங்கும் முன் முடியாவிட்டால் எல்லோருடைய வேலையும் மெதுவாகும். இடையில் நிறுத்தினால் அரைகுறைக் கோப்பு பொதுவாகப் பயன்படாது. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காத்திருப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க நம்பகமான மதிப்பீடு தேவை.

கணக்கிடும் முறை

முடிந்த அளவை அதற்கு ஆன நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைக்கும். எஞ்சிய அளவை அந்த வேகத்தால் வகுத்தால் இன்னும் ஆகும் நேரம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தரவுத்தளம் 300 கிகாபைட்டு எனக் கொள்வோம். இரவு 10 மணிக்குத் தொடங்கிய பணியில் 11 மணிக்குள் 90 கிகாபைட்டு முடிந்துவிட்டது. வேகம் நிமிடத்துக்கு 1.5 கிகாபைட்டு. எஞ்சிய 210 கிகாபைட்டுக்கு 140 நிமிடம் ஆகும், பணி 1.20 மணிக்கு முடிய வேண்டும்.

அடுத்த 10 நிமிடத்தில் 6 கிகாபைட்டு மட்டுமே நகர்ந்தது என்றால் நிலைமை வேறு. தொடக்கத்திலிருந்து உள்ள சராசரியைக் கொண்டால் பணி ஏறத்தாழ 1.39 மணிக்கு முடியும். கடைசி 10 நிமிட வேகம் அப்படியே தொடர்ந்தால் 4.50 மணி ஆகிவிடும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டார் தொட்டியை நிரப்பும் வேகமும் குறைவதைப் போன்றது இது. முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துத் தொட்டி நிரம்பும் நேரத்தைச் சொல்லிவிட முடியாது.

எனவே சராசரி வேகம், அண்மைய வேகம் ஆகிய இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் காரணத்தைத் தேட வேண்டும். அதே வட்டில் ஓடும் இரவு அறிக்கைப் பணியோ வேறொரு கோப்பு நகலெடுப்போ காரணமாக இருக்கலாம். அப்போது காப்புப்பிரதியை நிறுத்துவதைவிட, குறுக்கே நிற்கும் பணியை ஒத்திவைப்பதே நல்லது.

மென்பொருள்களில் உள்ள வசதிகள்

மைக்ரோசாப்ட் எஸ்கியூஎல் சர்வரில், தற்போது இயங்கும் வேண்டுகோள்களைக் காட்டும் மேலாண்மைக் காட்சியில் முடிந்த விழுக்காடும் எஞ்சிய நேரமும் தனித்தனி நெடுவரிசைகளில் இருக்கும். எஞ்சிய நேரம் மில்லிவினாடியில் தரப்படும். அதை 60,000 ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும். இம்மென்பொருளில் காப்புப்பிரதிக் கோப்பின் அளவைக் கொண்டு முன்னேற்றத்தைக் கணிப்பது தவறாகலாம். சுருக்கப்பட்ட காப்புப்பிரதிக்குத் தொடக்கத்திலேயே ஓர் அளவு இடம் ஒதுக்கப்பட்டு, தேவைக்கேற்பப் பின்னர் கூட்டவோ குறைக்கவோ படுகிறது.

ஆரக்கிளில் நீண்ட நேரம் ஓடும் செயல்களுக்கெனத் தனிக் காட்சி உண்டு. முடிந்த பணி, மொத்தப் பணி, எஞ்சிய நேரம் மூன்றும் அதில் கிடைக்கும். போசுட்குரெசு 2020 இல் வெளியான 13 ஆம் பதிப்பில் அடிப்படைக் காப்புப்பிரதிக்கு முன்னேற்றக் காட்சியைச் சேர்த்தது. எந்தக் கட்டம் நடக்கிறது என்பதையும் அது காட்டும். தரவு முழுவதும் அனுப்பப்பட்ட பிறகும், பதிவேட்டுக் கோப்புகள் சேமிக்கப்படுவதற்காகக் காத்திருக்கும் கட்டம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் பணி நின்றுவிட்டது என்று எண்ணக் கூடாது.

விக்கிமீடியா தரவுத் திரட்டுகள்

தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கித் திட்டங்களின் உள்ளடக்கம், டம்ப் எனப்படும் தரவுத் திரட்டுகளாக எவரும் பதிவிறக்கும் வகையில் வெளியிடப்பட்டு வந்துள்ளது. 2010 சூன் 23 முதல் 27 வரை கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. அப்போட்டி வழியாக விக்கிப்பீடியாவில் இடம்பெற்ற கட்டுரைகளும் இத்திரட்டுகளில் அடங்கும்.

திரட்டு உருவாகும்போது காட்டப்படும் முன்னேற்ற வரியில், தொடக்கத்திலிருந்து உள்ள வேகமும் தற்போதைய வேகமும் அருகருகே தரப்பட்டன; முடியும் நேரமும் உடனிருந்தது. மேலே சொன்ன கணக்கின் நடைமுறை வடிவம் இதுவே. பெரிய விக்கிகளின் திரட்டு பல பகுதிகளாகப் பிரித்து எடுக்கப்பட்டதால், ஒரு பகுதி தடைபட்டாலும் முழுப் பணியும் வீணாகவில்லை. ஆயினும் பயனர்களின் தனிப்பட்ட தரவுகள் இவற்றில் இல்லாததால் இவை முழுமையான காப்புப்பிரதி ஆகா.

100 விழுக்காட்டுக்குப் பிறகு

பணி முடிந்ததாகத் திரை காட்டினாலும், அந்தப் பிரதியிலிருந்து தரவை மீட்க முடியும் என்பது உறுதியாகிவிடாது. கிட்லேப் நிறுவனத்தில் 2017 சனவரி 31 அன்று முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டன. அன்றாடக் காப்புப்பிரதிகளைத் தேடியபோது, மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அவை உருவாகவே இல்லை என்பது தெரிந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் வழியிலேயே மறுக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியைக் கொண்டே மீட்பு நடந்தது. இடைப்பட்ட நேரத்தின் தரவு இழப்பானது. வட்டுகள் மெதுவாக இருந்ததால் மீட்புப் பணியும் பல மணி நேரம் நீடித்தது.

இதனால் கண்காணிப்பில் மேலும் மூன்று பணிகள் சேர்க்கப்படுகின்றன. கோப்பு உண்மையில் உருவானதா, அதன் அளவு முந்தைய நாள்களோடு ஒத்துள்ளதா என்று பார்ப்பது முதலாவது. ஒவ்வொரு நாளும் ஆன நேரத்தைக் குறித்து வைப்பது இரண்டாவது. அடுத்த மதிப்பீட்டுக்கு அதுவே சிறந்த அடிப்படை. குறிப்பிட்ட கால இடைவெளியில் வேறொரு கணினியில் தரவை மீட்டுப் பார்ப்பது மூன்றாவது. மீட்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் இச்சோதனையில்தான் தெரியவரும்.