உஷார்! இறுகிக் கிடக்கிற தசையை இன்னும் இறுக்காதீர்கள்

"பஸ்ஸில் உட்கார்ந்தபடி செய்யலாம், சமைத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது" என்றது அந்த ரீல். சிறுநீரை அடக்குகிற மாதிரி கீழே சுருக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், விட வேண்டும். பெயர் கெகல் பயிற்சி. அடிவயிற்றில் மாதக்கணக்காக ஒரு கடுப்பு இருந்ததால் நானும் நம்பினேன், போனில் மூன்று வேளைக்கு அலாரம் வைத்தேன். மூன்றாவது வாரம் நாற்காலியில் முழுசாக உட்கார முடியவில்லை. முட்டிக்கொண்டு வருகிறதே என்று ஓடினால், உள்ளே போனதும் ஒரு சொட்டு வருவதற்கு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

கெகல் கெட்ட பயிற்சி இல்லை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் அதைப் பற்றி எழுதியது, பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசைகளுக்காக. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறவர்களுக்கு இன்றும் அது நல்ல வைத்தியம். ஆனால் இதற்கு நேர் எதிரான இன்னொரு கோளாறு இருக்கிறது. தளராமல், இறுகியே கிடக்கிற தசை. அந்த ரீலில் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

முன்பக்கத்து இடுப்பெலும்பில் தொடங்கி பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி ஒரு தசைக் கூட்டம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான். பெல்விக் ஃப்ளோர், தமிழில் இடுப்புத் தளத் தசைகள். ஆண்களுக்கும் உண்டு. அடக்க வேண்டிய நேரத்தில் இறுகுவது பாதி வேலை. போக வேண்டிய நேரத்தில் விட்டுக்கொடுப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை மறந்துபோன தசைக்குத்தான் நான் தினமும் முப்பது தடவை இறுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போய்ச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் என் கையை நீட்டச் சொன்னார். "முஷ்டி பிடிங்க. நல்லா இறுக்கி. இப்போ இன்னும் இறுக்குங்க." முடியவில்லை, மணிக்கட்டு வரைக்கும் வலித்தது. "இதே கையால ஒரு டம்ளரை எடுங்க பார்ப்போம்" என்றார். மூடின கையால் எதை எடுப்பது? "கீழேயும் இதே கதைதாம்மா. உங்க தசைக்குப் பலம் இல்லாம இல்ல. திறக்கத் தெரியல."

எதை வைத்து சந்தேகப்படுவது? நீர்க்கடுப்பு மாதிரியே எரிகிறது, யூரின் கல்ச்சரில் ஒன்றும் இல்லை. போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி உணர்வு. முக்கினால்தான் மலம். வால் எலும்பில் வலி. தாம்பத்திய உறவின்போது வலி. இதை நம் ஊரில் பாதிப் பேர் உடம்புச் சூடு என்று நல்லெண்ணெய்க் குளியலிலும் பார்லித் தண்ணீரிலும் ஓட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் மறுபடி மறுபடி ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்கள். ஆண்களுக்கு நாள்பட்ட ப்ராஸ்டேட் வீக்கம் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் மாத்திரை ஓடும். அவர்களில் பெரும்பாலோருக்குக் கிருமியே கிடையாது என்பதுதான் கொடுமை. கிருமி இல்லாத இடத்தில் மாத்திரை எதைக் கொல்லும்?

அதற்காக எல்லா வலியையும் தசையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ், கல், கட்டி எதுவும் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் பிசியோதெரபி.

அது வேலை செய்யுமா என்றால், சோதித்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பை வலியும் இடுப்புத் தளத்தில் தொட்டால் வலியும் இருந்த 81 பெண்களை வட அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடம்பு முழுக்கச் சாதாரண மசாஜ். இன்னொரு பிரிவுக்கு இறுகின தசைகளைத் தேடித் தளர்த்துகிற பிசியோதெரபி. 2012-இல் வந்த முடிவில், மசாஜில் தேறியவர்கள் 26 சதவீதம், பிசியோதெரபியில் 59. இந்தச் சிறுநீர்ப்பை வலிக்கு அமெரிக்க யூராலஜி சங்கம் தரும் வழிகாட்டுதலும் கெகல் மாதிரியான இறுக்கும் பயிற்சிகளைத் தவிர்க்கவே சொல்கிறது.

எனக்கு முதல் இரண்டு வாரம் மூச்சுதான் வைத்தியம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை. மூச்சு உள்ளே போகும்போது உதரவிதானம் கீழே இறங்கும், அதோடு சேர்ந்து இடுப்புத் தளமும் இறங்கும். அந்த இறக்கத்தைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. சிரிப்பாக இருந்தது, காசு கொடுத்து மூச்சு விடவா வந்தேன் என்று. ஆனால் நாற்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் ஆபீஸிலும், நல்ல கழிவறை கிடைக்காமல் அடக்கி அடக்கியே பழகின உடம்பு இது. விடு என்றால் உடனே விட்டுவிடுமா?

இன்னொரு உஷார், பெண்களுக்கு முக்கியமாக. இந்தச் சிகிச்சையில் சில சமயம் கையுறை போட்ட விரலால் உள்ளே தொட்டு, முடிச்சு விழுந்த இடத்தை அழுத்தித் தளர்த்துவார்கள். முறையான சிகிச்சைதான். ஆனால் என்ன செய்யப்போகிறார், எதற்கு என்று முன்னாலேயே விளக்க வேண்டும், உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் மறுக்கக் கூடாது. நடுவில் "போதும்" என்றால் அந்த நொடி நிறுத்த வேண்டும். இதில் எதற்காவது அவர் முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெளியிலிருந்தே செய்கிற வழிகளும் இருக்கின்றன. பிசியோதெரபி பட்டம் படித்தவரா, இந்தப் பிரிவில் தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். ஸ்பா மசாஜ்காரர் தொட வேண்டிய இடம் இல்லை இது.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சல், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு என்றால் நேராக டாக்டர். திடீரென்று சிறுநீரே போகவில்லை, தொடைகளுக்கு நடுவில், உட்காரும் இடத்தில் மரத்துப்போகிறது, கால் துவள்கிறது என்றால் அது முதுகுத்தண்டின் அடி நரம்புகள் நசுங்குவதாக இருக்கலாம். அன்றைக்கு மூச்சுப் பயிற்சியும் வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடித்து எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.