நாய்க்குப் பழம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எந்தப் பழம், அதில் எந்தப் பகுதி, எவ்வளவு என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். நாம் நாள்தோறும் சாப்பிடும் சில பழங்கள் நாயின் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

நாய்க்குப் பழம் அவசியமா? இல்லை. வைட்டமின் சி நமக்கு உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். நாயின் கல்லீரல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். நல்ல உணவு கிடைக்கிற நாய்க்குப் பழம் ஒரு தின்பண்டம் மட்டுமே. அதனால் ஒரு பழத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். நாய்க்கு எந்தக் குறையும் வராது.

கொடுக்கவே கூடாத பழம் எது? திராட்சை. பச்சை, கறுப்பு, விதையுள்ளது, விதையில்லாதது என்று எதுவும் விதிவிலக்கல்ல. உலர்திராட்சையும் அப்படித்தான். திராட்சை தின்ற சில நாய்களுக்கு ஓரிரு நாளிலேயே சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

“எங்கள் நாய் முன்பு தின்றதே, ஒன்றும் ஆகவில்லையே?” என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாய் தாங்குவதை இன்னொரு நாய் தாங்குவதில்லை. இத்தனை பழம் வரை பயமில்லை என்று உறுதியாக அளவு சொல்ல முடியாது. ஒன்றிரண்டு தானே என்று கொடுக்காதீர்கள்.

திராட்சையில் அப்படி என்ன இருக்கிறது? 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தை (சில பழங்களுக்குப் புளிப்பைத் தரும் பொருள்) காரணமாகச் சுட்டினார்கள். குழந்தைகள் உருவம் செய்து விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்ற நாய்க்கு வருவது போன்ற பாதிப்பே வந்தது. அந்த மாவில் இந்த அமிலத்தின் உப்பு சேர்ந்திருந்தது. அதுதான் துப்புக் கொடுத்தது.

இதை நாம் ஏன் கவனிக்க வேண்டும்? நம் சமையலறையில் இருக்கும் புளியின் புளிப்புக்கும் இதே அமிலம்தான் முக்கியக் காரணம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே புளி உருண்டை, புளிக்கரைசல், புளியோதரை, புளிக்குழம்பு எதுவும் நாய்க்கு வேண்டாம். குழம்பில் சேரும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை.

திராட்சை நம் கண்ணுக்குத் தெரியாமலும் நாயின் வாய்க்குப் போகும். பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், கேக், பன் எல்லாவற்றிலும் உலர்திராட்சை இருக்கலாம். வேகவைத்தாலும் அதன் கெடுதல் போகாது. பண்டிகை, விசேஷ நாட்களில் இலையில் மிஞ்சியதை நாய்க்கு வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

மாங்கொட்டையைச் சப்பக் கொடுக்கலாமா? வேண்டாம். வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி. தோலைச் சீவி, சதையை மட்டும் சிறு துண்டுகளாகக் கொடுங்கள்.

ஆப்பிளுக்கு நடுப்பகுதியையும் விதையையும் நீக்க வேண்டும். விதையில் இருக்கும் அமிக்டலின் (மெல்லும்போது சயனைடு நஞ்சை வெளிவிடும் பொருள்) நல்லதல்ல. ஒரு விதையை விழுங்கியதால் பதற வேண்டியதில்லை. விதையோடு கொடுப்பதைப் பழக்கமாக்காதீர்கள்.

வாழைப்பழத்தைத் தோல் உரித்துக் கொடுக்கலாம். தர்பூசணிக்கு விதையும் தடித்த தோலும் கூடாது. பப்பாளி, சப்போட்டா இரண்டிலும் தோலையும் விதையையும் நீக்குங்கள். சப்போட்டா விதையின் முனையில் கொக்கி போன்ற கூர் இருக்கிறது, தொண்டையில் மாட்டும். ஆரஞ்சு, சாத்துக்குடியில் ஒரு சுளை போதும், அதிகமானால் வயிற்றைக் கெடுக்கும். பட்டர் ஃப்ரூட்டில் கொழுப்பு அதிகம், கொட்டையும் பெரிது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

எவ்வளவு கொடுப்பது? ஒரு நாளில் நாய்க்குத் தேவையான கலோரியில் (உணவு தரும் சக்தியின் அளவு) தின்பண்டங்கள் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும் என்றால், தின்பண்டத்துக்கு 60 கலோரி. ஒரு நடுத்தர வாழைப்பழத்திலேயே சுமார் 100 கலோரி இருக்கிறது. அரைப் பழம் கொடுத்தால் அன்றைக்கு அதோடு சரி, பிஸ்கட் கிடையாது.

புதிதாக ஒரு பழத்தைக் கொடுக்கும்போது விரல்நுனி அளவு துண்டோடு தொடங்குங்கள். அடுத்த நாள் வரை வாந்தி, வயிற்றுப்போக்கு, அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை நோயுள்ள நாய், உடல் பருத்த நாய், குட்டி நாய் என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

ஜூஸ், ஜாம் கொடுக்கலாமா? வேண்டாம், சர்க்கரை அதிகம். ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கும் சில பண்டங்களில் சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு) இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கு ஆபத்தாகும்.

நாய் திராட்சையோ புளியோ தின்றுவிட்டது. என்ன செய்வது? அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, நாயின் எடை என்ன என்ற நான்கையும் சொல்லுங்கள். உறை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகும். சீக்கிரம் போனால் மருத்துவரே பாதுகாப்பாக வாந்தி எடுக்க வைப்பார், தேவைப்பட்டால் நரம்பில் திரவம் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பார். வாந்தி, சோர்வு, சாப்பிட மறுப்பது எல்லாம் முதல் நாளிலேயே தெரியலாம். சிறுநீர் நின்றுவிட்டால் பிழைக்க வைப்பது கடினம்.

இவ்வளவும் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வீட்டுக் குழந்தைகள், பெரியவர்கள், வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் நாய்க்கு ஆசையாக ஏதாவது கொடுப்பார்கள். திராட்சை, உலர்திராட்சை, புளி, வெங்காயம், பூண்டு, கொட்டை, விதை கூடாது என்று ஒரு தாளில் எழுதி, அடியில் மருத்துவரின் தொலைபேசி எண்ணையும் சேர்த்து, ஃபிரிட்ஜ் கதவில் இன்றைக்கே ஒட்டிவிடுங்கள்.