அரை நாள் துருக்கி

ஏதென்ஸ் நகரை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறினால், நாலே நாளில் மிக்கோனோஸ், குஷாதாசி, ரோட்ஸ், கிரீட், சாண்டோரினி என ஐந்து இடங்களை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பிரேயசிலேயே இறங்கலாம். பெட்டியை ஒரே தடவை பிரித்து அடுக்கினால் போதும். பாட்டியையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஓட்டல் மாற வேண்டாம். ஐந்தில் நான்கு கிரேக்கத் தீவுகள். குஷாதாசி மட்டும் துருக்கி. அங்கே இறங்கி, பஸ்ஸில் போய் எபேசஸ் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு வெயில் தாழ்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

விசா விஷயத்தில் குடும்பத்தையே மடக்கிப்போடக் கூடியது அந்த அரை நாள்தான்.

ஓடும் கப்பல் எந்த நாட்டில் இருக்கிறது? கொடியைப் பார்த்தால் மால்ட்டா என்றோ பஹாமாஸ் என்றோ இருக்கும்; அதில் கால் வைத்ததால் நாம் பஹாமாஸ் போய்விட்டதாக யாரும் கணக்கு எழுதுவதில்லை. தண்ணீரைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. கிரேக்கத்தின் சாமோஸ் தீவுக்கும் துருக்கிக் கரைக்கும் நடுவே மிக நெருங்கிய இடத்தில் இடைவெளி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஈஜியன் கடலில் இரு நாடுகளும் ஆளுக்கு 6 கடல் மைல் தங்களுடையது என்கின்றன. குறுகலான இடங்களில் கோடு நடுவில் ஓடுகிறது. சூப் கரண்டி கிண்ணத்திலிருந்து வாய்க்கு வருவதற்குள் நாம் ஒரு நாட்டைவிட்டு இன்னொன்றுக்குள் போயிருக்கலாம். அதற்கு விசா கேட்க ஆள் கிடையாது. யாருக்கும் தொந்தரவு தராமல் கடந்துபோகும் கப்பலைத் தடுக்கக் கூடாது என்று 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது.

ஆக, கொடியும் தண்ணீரும் கணக்கில் இல்லை. விசாச் சட்டம் பார்ப்பது துறைமுகத்தை மட்டும்.

கிரேக்கத்துக்கு நாம் வாங்குவது ஷெங்கன் விசா. லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் இருக்கும் சின்னஞ்சிறு கிராமத்தின் பெயர் ஷெங்கன். பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் முட்டிக்கொள்ளும் முனை அது. 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் அங்கே கூடி, தங்களுக்கு நடுவே எல்லைச் சோதனையை எடுத்துவிடுவது என்று கையெழுத்திட்டன. இட்ட இடம் மாளிகை அல்ல. ஆற்றில் நின்ற 'பிரின்செஸ் மரி-ஆஸ்த்ரிட்' என்ற உல்லாசப் படகு. படகில் பிறந்த ஒப்பந்தத்துக்குள் இன்று 29 நாடுகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரே வீடு மாதிரி. பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று கப்பல் அலைந்தாலும் அது வீட்டுக்குள் அறை மாறுவதுதான். ஒரு தடவை நுழைந்தால் போதும்.

குஷாதாசி அந்த வீட்டுக்கு வெளியே. கப்பல் அங்கே நின்றுவிட்டு ரோட்ஸ் வந்தால், நாம் வாசலைத் தாண்டிப் போய் மறுபடி உள்ளே வருகிறோம் என்று பொருள். ஒருமுறை நுழைவுக்கான விசாவோடு போனவருக்கு அது ஏதென்ஸ் விமான நிலையத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். மீதி நாட்கள் எத்தனை இருந்தாலும் செல்லாக்காசு. இது சுற்றுலாக் கப்பல், போன கூட்டமேதான் திரும்பி வருகிறது என்பது அதிகாரிகளுக்கும் தெரியும். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு விட்டுவிடும் சலுகை எல்லைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சலுகையை நம்பிப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

துருக்கிப் பக்கம் நிலைமை இதைவிட இளகலானது. 1965-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் போக்குவரத்து வசதி உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு: கப்பல் 72 மணி நேரத்துக்குக் குறைவாகத் துறைமுகத்தில் நின்றால் சுற்றுலாப் பயணிக்கு விசா தேவையில்லை. கூடவே ஒரு வால்: சிறப்புச் சூழ்நிலை என்று அந்தந்த நாடு கருதினால் இது பொருந்தாது. வால்தான் பல நாடுகளில் மாட்டை ஓட்டுகிறது. துருக்கியோ துறைமுக ஊரைச் சுற்றிப் பார்ப்பவருக்கு 72 மணி நேரச் சலுகையைத் தருகிறது. ஆனாலும் கப்பல் நிறுவனம் இந்தியப் பயணியிடம் விசா கேட்டால், நீங்கள் உடன்படிக்கையை எடுத்துப் படித்துக் காட்டுவதில் பயனில்லை. காகிதம் சரியில்லாதவரை ஏற்றிவந்தால் திருப்பிக் கொண்டுபோகும் செலவும் அபராதமும் நிறுவனத்தின் தலையில்தான் விழும். எனவே முதல் எல்லைக் காவலர், செக்-இன் மேசையில் இருக்கும் அந்த இளைஞர்தான். அவர் கேட்பதைக் காட்டிவிடுவது நல்லது. ஷெங்கன் விசா கையில் இருக்கும் இந்தியருக்குத் துருக்கியின் இணையவழி விசா எளிதாகவே கிடைக்கிறது.

குடும்பமாக விண்ணப்பிக்கும்போது தமிழர்களுக்கு ஒரு தனிக் கூத்து உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் தாத்தா இருப்பார். பிள்ளைகளுடையதில் அப்பா. அம்மாவுடையதில் அவரைப் பெற்றவர். நாலு பேர், மூன்று குடும்பப் பெயர்! இவர்கள் ஒரே குடும்பம் என்று ஐரோப்பிய அதிகாரிக்குச் சொல்ல திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும்தான் வாய்.

பெயர் குழப்பினாலும் எண் குழப்பக் கூடாது. கப்பல் வருவதற்கு 24 மணி நேரம் முன்பே, குறுகிய பயணமானால் முந்தைய துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே, பயணிகள் பட்டியல் அடுத்த துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். ஆயிரக்கணக்கான எண்களில் ஒன்று தப்பாகத் தட்டப்பட்டால்? அதைப் பிடிக்கத்தான் பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள், வரிக்கு 44 எழுத்துகள். அங்கே பிறந்த தேதிக்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஷெங்கன் ஒப்பந்த நாளிலேயே ஒருவர் பிறந்தார் என்று வையுங்கள்: 850614. இலக்கங்களை வரிசையாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 56, 15, 0, 42, 3, 4, மொத்தம் 120. கடைசி இலக்கம் 0. அதுதான் சோதனை எண். யாராவது 14-ஐ 41 என்று தட்டினால் கூட்டல் 126 ஆகி, 6 வந்து குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தக் காவலாளிக்கும் ஒரு கண் மங்கல். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருந்து அவை இடம் மாறினால் தெரியாது. 61-ஐ 16 ஆக்கி 850164 என்று எழுதிப் பாருங்கள். கூட்டல் 100, கடைசியில் அதே 0. ஆனால் ஜனவரியில் 64-ஆம் தேதி ஏது? கணக்கு விட்டதைக் காலண்டர் பிடிக்கும். பாஸ்போர்ட் எண்ணுக்கு அந்தக் காலண்டரும் கிடையாது. ஆகையால் டிக்கெட் பதியும்போது ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபாருங்கள்.

ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்குக் கீழே இலவசம். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கைரேகையும் வேண்டாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது பெரும்பாலும் ஷெங்கன் நாடுகளுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கும். துருக்கியையும் சேர்க்கச் சொல்லி வாங்குங்கள். எபேசஸ் படிகள் வழுக்குப் பளிங்கு.

ஷெங்கன் முத்திரையில் ஒரு மூலையில் குட்டிப் படம் இருக்கும்: விமானத்தில் வந்தவருக்கு விமானம், கடல் வழி வந்தவருக்குக் கப்பல். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய மின்னணுப் பதிவு முறை அந்த முத்திரைகளை ஓய்வுபெறச் செய்கிறது. இனி முகத்தைப் படம்பிடித்து, உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கணினியே எண்ணிக்கொள்ளும். மை மங்கியிருக்கிறது, அதிகாரி கவனிக்கவில்லை என்ற பேச்செல்லாம் அதோடு போயிற்று.

விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு என்ற கேள்வி வரும். கப்பலின் பயண அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'பலமுறை' என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். விசா ஒட்டிவந்த அன்றே குடும்பத்தில் எல்லாருடைய பாஸ்போர்ட்டிலும், குழந்தையுடையது உட்பட, நுழைவு எண்ணிக்கை இடத்தில் 01 என்று இல்லையே என்று பார்த்துவிடுங்கள்.