தீக்குச்சி நடந்த கதை



தீபாவளிச் சமயத்தில் சிராங்கூன் சாலைக்கு வந்தவர்கள், கடை வாசல்களில் தொங்கும் சரவிளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஒளி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுவது போலத் தெரியும். விளக்கு ஓடுகிறதா? இல்லை. ஒன்று அணைய, அடுத்தது எரிகிறது. அவற்றைச் சேர்த்து ஓட்டமாகக் காண்பது நம் கண்ணும் மூளையும்தான்.

உயிரில்லாத பொருள்கள் திரையில் நடப்பதும் இவ்விதமே. ஒரு பொருளை மேசையில் வைத்துப் படம் எடுக்கிறார்கள். பிறகு அதைச் சிறிதே நகர்த்தி, கையை விலக்கிக்கொண்டு மறுபடியும் எடுக்கிறார்கள். இப்படி எடுத்த படங்களை வேகமாக ஓட்டினால், நகர்த்திய கை தெரியாது. பொருள் தானே நடக்கும். இதற்கு 'ஸ்டாப் மோஷன்' என்று பெயர்.

இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகிப் பால்கே இந்த வித்தையை அறிந்தவர். 1912-இல் லண்டன் சென்று காமிரா வாங்கினார். படமெடுக்கப் பணம் இல்லை. ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அது முளைத்து வளர்வதை இடைவெளி விட்டு விட்டுப் படம் பிடித்தார். பல நாள் வளர்ச்சி, திரையில் சிறிது நேரத்தில் நடந்து முடிந்தது! அதைக் கண்டுதான் கடன் கொடுக்க ஆள் கிடைத்தது. மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின. அப்படிப் பிறந்ததே 1913-இல் வெளிவந்த 'ராஜா ஹரிச்சந்திரா'.

பட்டாணி தானாக வளர்ந்தது. தீக்குச்சி நகர வேண்டுமானால் மனிதன்தான் நகர்த்த வேண்டும். 1915-இல் பால்கே தீக்குச்சிகளையே நடிகர்களாக்கி ஒரு சிறு படம் எடுத்தார். அப்படம் இன்று கிடைக்கவில்லை.

இந்த வித்தையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். கைத்தொலைபேசி ஒன்று போதும். அது அசையாதபடி புத்தகங்களுக்கிடையே நிறுத்துங்கள். வெயில் மாறினால் படமும் மினுக்கும். ஆகவே சன்னலை மூடி, விளக்கொளியில் எடுங்கள். ஒரு ரப்பர் விதையை மேசைமேல் நடக்க விடுங்கள். வினாடிக்கு 12 படம் என்று வைத்தால், 10 வினாடிக்கு 120 படங்கள். விதையை 119 முறை நகர்த்த வேண்டும். இடையில் கைத்தொலைபேசி அசைந்தால் படம் துள்ளிவிடும்.

பால்கேயிடம் அன்று பணம் இல்லை, பொறுமை இருந்தது. இந்த வித்தைக்கு வேண்டிய முதலும் அதுவே.