கம்ப்யூட்டர் கணக்கு: இரண்டாவது பிரதி எங்கே இருக்கிறது?

நம் உறுப்பினர்களில் நாள்வழியும் பேரேடும் கையால் எழுதுவோர் இன்று மிகவும் குறைந்துவிட்டனர். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபின், சிறிய கடைகள்கூட டேலி அல்லது ஏதாவது ஒரு பில்லிங் மென்பொருளுக்கு வந்துவிட்டன. வேலை சுலபமாயிற்று, சந்தேகமில்லை. ஆனால் புத்தகக் கணக்கில் ஒரு பக்கம் கிழிந்தால் அந்தப் பக்கம்தான் போகும். கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் பழுதானால் பல ஆண்டுக் கணக்கு ஒரே நாளில் போகும்.

போவது வரிக் கணக்கு மட்டுமல்ல. கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கு முதல் இழப்பு பாக்கிக் கணக்கு. யார் எவ்வளவு தர வேண்டும், எந்த பில்லுக்கு எவ்வளவு வரவு வந்தது என்ற விவரம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அது போய்விட்டால் வாங்கியவர் சொல்வதே கணக்கு. நேர்மையானவர் சொல்லிவிடுவார். மற்றவரிடம் நாம் எதைக் காட்டிக் கேட்பது?

சட்டமும் இதைப் பேசுகிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஓராண்டுக் கணக்கை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக் கணக்குக்கு அந்தத் தேதி 31.12.2024. ஆகவே 2030 டிசம்பர் முடியும்வரை அதைக் காக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ இருந்தால் அது முடிந்தும் ஓராண்டு. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போருக்கு 57-வது விதி தனியாக இருக்கிறது: விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ பதிவுகள் அழிந்தாலும், நியாயமான காலத்துக்குள் திரும்ப எடுக்கும்படி பேக்கப் இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று அதிகாரியிடம் சொல்வது விளக்கமாக ஏற்கப்படும் என எதிர்பார்க்க வேண்டாம்.

"எங்களிடம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருக்கிறதே" என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது, எப்படிக் காப்பி ஆகிறது என்பதுதான் கேள்வி.

வருடம் முழுவதும் கம்ப்யூட்டரில் செருகியே கிடக்கும் டிஸ்க், கம்ப்யூட்டருக்கு வரும் எல்லா ஆபத்துக்கும் பங்காளி. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ், கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலருக்குச் சமமான பிட்காயின் கேட்டது. கம்ப்யூட்டருக்குள் இருந்தவற்றோடு, செருகியிருந்த வெளி டிஸ்க்குகளில் இருந்தவற்றையும் அது பூட்டியது. மின்சாரம் ஏறி இறங்கினாலும், திருடன் வந்தாலும் இதே கதிதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. அப்படித் தண்ணீர் புகும்போது மேஜை மேல் கம்ப்யூட்டரும் மேஜை டிராயரில் டிஸ்க்கும் இருந்தால், இரண்டும் ஒரே பொருள்தான்.

அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். 'சிங்க்' என்பதும் பேக்கப் என்பதும் ஒன்றல்ல. சிங்க் செய்தால் டிஸ்க்கில் உள்ளது கம்ப்யூட்டரில் உள்ளதைப் போலவே ஆகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் பார்க்கும் பையன் திங்களன்று போன வருட ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிடுகிறான் என்று வையுங்கள். அன்று மாலை சிங்க் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் இல்லாத ஃபோல்டர் டிஸ்க்கிலும் இருக்கக் கூடாது என்று மென்பொருள் அங்கேயும் அழித்துவிடும். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி கட்டளையை 'மிரர்' முறையில் ஓட்டினால் இதுதான் நடக்கும். பழுதான கோப்பும் இப்படியே நல்ல கோப்பின் மேல் போய் உட்காரும். கண்ணாடியில் தெரிவது நம் முகம்தான். முகத்தில் கரி இருந்தால் கண்ணாடியிலும் கரி. சரக்குப் படங்கள், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு சிங்க் போதும். கணக்குக்குப் போதாது.

கணக்குக்குத் தேதியிட்ட காப்பி வேண்டும். முதலில் எல்லோரும் டேலியில் கம்பெனியை மூட வேண்டும். ஒருவர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கும் காப்பி அரைகுறையாக வரலாம். பிறகு டேலியின் பேக்கப் வசதி மூலம், டிஸ்க்கில் அன்றைய தேதியில் புதிய ஃபோல்டர் திறந்து அதில் எடுக்க வேண்டும். பழைய ஃபோல்டர் மேலேயே எழுதக் கூடாது. கணக்கு டேட்டா அதிக இடம் பிடிக்காது; ஒரு டி.பி. டிஸ்க்கில் ஒரு கடையின் தினசரிக் காப்பி நெடுநாள் நிற்கும். இடம் போதாதபோது, மாதக் கடைசிக் காப்பியையும் மார்ச் 31 காப்பியையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம்.

டிஸ்க் இரண்டாக இருப்பது நல்லது. ஒன்று இந்த வாரம் கடையில், மற்றது முதலாளி வீட்டில். சனிக்கிழமை மாற்றிக்கொள்ள வேண்டும். கடையில் இருப்பதையும் காப்பி முடிந்ததும் கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். செலவு அதிகம் என்போர், ஒரு வாரப் பாக்கி வசூல் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கட்டும். வீட்டுக்குப் போகும் டிஸ்க்குக்குப் பாஸ்வேர்டு போடுவது அவசியம். அதில் நம் வாடிக்கையாளர்களின் விவரமும் இருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டு முதலாளிக்கு மட்டும் தெரிந்தால் போதாது, வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும்.

இன்டர்நெட்டில் சேமிப்பதும் நல்லதுதான், மூன்றாவது பிரதியாக. ஆனால் கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்துவோருக்குச் சட்டம் வேறு: கணக்கின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022-ல் விதி திருத்தப்பட்டது. அவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும்.

இவ்வளவு செய்தும், எடுத்த காப்பியைத் திறந்து பார்க்காதவர்களே அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, டிஸ்க்கிலிருந்து ஒரு காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் 'ரீஸ்டோர்' செய்து, ஏதாவது இரண்டு பார்ட்டியின் பாக்கியையும் அன்றைய கல்லா இருப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டரிலேயே பார்ப்பதானால் தனி ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்யவும்; நடப்புக் கணக்கு உள்ள ஃபோல்டரில் செய்தால் பழைய கணக்கு புதிய கணக்கின் மேல் ஏறிவிடும். ஒவ்வொரு மார்ச் காப்பியோடும், அது டேலியின் எந்தப் பதிப்பில் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி டிஸ்க் உறையில் வைத்தால், ஐந்தாறு ஆண்டு கழித்துத் திறக்க வருபவருக்கு அலைச்சல் மிஞ்சும்.