இரண்டு ஸ்பீக்கரில் கேட்ட பழைய பாட்டு, ஐந்து ஸ்பீக்கரில் சுற்றுவது எப்படி?

பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பம் 1973-இல் வந்தது. பெரும்பாலோர் அதைக் கேட்டது இரண்டு ஸ்பீக்கரில். 2003-இன் மறுவெளியீட்டிலோ அதே இசை நம்மைச் சூழ்ந்து ஒலிக்கிறது. யாரும் புதிதாக வாசிக்கவில்லை. பிறகு எப்படி?

பிசைந்த சாம்பார் சாதத்தைத் திரும்பப் பிரிக்க முடியுமா? முடியாது. ஆனால் சமையலறையில் சோறும் சாம்பாரும் தனித்தனிப் பாத்திரத்தில் இருந்தால், பெரிய இலையில் வேறு மாதிரி பரிமாறலாம்.

நம் கைக்கு வந்த இசைத்தட்டு, பிசைந்த சாதம். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவின் 16 தட நாடாக்கள்தான் அந்தப் பாத்திரங்கள். டிரம்ஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் இருந்தன. ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி, எது எந்த மூலையிலிருந்து வர வேண்டும் என்று புதிதாகக் கலந்தார். அந்த ஆல்பத்தின் ‘மணி’ (Money) பாட்டின் தொடக்கத்தைக் கேட்டுப் பாருங்கள்: சில்லறை குலுங்கும், காகிதம் கிழியும், கல்லாப்பெட்டி ஒலிக்கும். அந்தச் சத்தங்கள் நம்மைச் சுற்றி வரும்போது மெய்சிலிர்க்கும்!

2003-இல் வந்த இந்த சூப்பர் ஆடியோ சிடி தட்டைச் சாதாரண சிடி பிளேயரில் போட்டால் ஏன் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடுகிறது? தட்டு பழுதில்லை. அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. சிடி பிளேயரின் அகச்சிவப்பு லேசர் முதல் அடுக்கை ஊடுருவி, அதற்கும் அப்பாலுள்ள சிடி அடுக்கைப் படிக்கிறது. சூப்பர் ஆடியோ சிடி பிளேயரின் சிவப்பு லேசர்தான் முதல் அடுக்கிலேயே குவிந்து, சுற்றொலியை எடுக்கும்.