புழுவுக்கு முன்னால் தண்ணீர்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். உங்கள் தொட்டியில் இருக்கும் ஆக்ஸலாட்டில் நாலு நாளாகப் புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்கிறீர்கள். வளர்ந்ததுதானே? அப்படியானால் இப்போதே பதற வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை தின்றாலே அதற்குப் போதும். உடம்பு நன்றாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்கும். குட்டிக்குத்தான் தினமும் தீனி வேண்டும்.

புழுவை மாற்றிப் பார்ப்பதற்கு முன் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுங்கள். இந்த சாலமாண்டரின் சொந்த ஊர் மெக்சிகோ நகரின் தெற்கே உள்ள சொச்சிமில்கோ கால்வாய்கள். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் பசி போய்விடும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறைகிறது, உடம்புக்கோ ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. நீர்மட்டத்தின் மேல் சின்ன மின்விசிறி வைத்தால் ஓரளவு தணியும். சென்னையின் மே மாதத்துக்கு அது போதாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வழியில்லாதவர்கள் இந்த உயிரை வாங்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

அடுத்தது அம்மோனியா. தின்னாமல் விட்ட புழு அடியில் அழுகினால் அது ஏறும்; ஏறினால் பிராணி இன்னும் தின்னாது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தால், வால்நுனி சுருண்டிருந்தால், அது அவதிப்படுகிறது என்று அர்த்தம்.

தண்ணீர் சரியென்றால் புழுவுக்கு வருவோம். உரத்தொட்டியில் நெளியும் மெல்லிய சிவப்புப் புழுக்களைப் போட்டீர்களா? தொந்தரவு பட்டால் அவற்றில் சில வகை நாற்றமடிக்கும் திரவத்தைக் கசியவிடும். ஆக்ஸலாட்டில் கவ்விய வேகத்தில் துப்பிவிடும். மருந்து தெளிக்காத மண்ணில் கிடைக்கும் சாதாரண மண்புழு நல்லது. கழுவி, சிறு துண்டாக வெட்டுங்கள். ஆக்ஸலாட்டிலின் பற்கள் மெல்ல உதவாது. வாயைத் திடீரென்று திறந்து, தண்ணீரோடு இரையை உறிஞ்சி, முழுசாக விழுங்கும். இப்படி உறிஞ்சும்போது கூழாங்கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடும். தொட்டியில் கல் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கண்பார்வை மந்தம், இமையும் கிடையாது. வாசனையும் அசைவும்தான் அதற்கு வழிகாட்டி. அதனால் விளக்கை அணைத்து, பொழுது சாய்ந்த பிறகு, முனை மழுங்கிய இடுக்கியில் புழுவைப் பிடித்து மூக்கருகே மெதுவாக ஆட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். வாயில் திணிக்கவே கூடாது. மிச்சத்தை உடனே வெளியே எடுத்து, மறுநாள் மாலை திரும்பப் பாருங்கள்.

வயிறு உப்பி மிதந்தாலோ, தோலில் பஞ்சுபோல வெள்ளை படர்ந்தாலோ, பட்டினியோடு உடம்பும் மெலிந்துகொண்டே போனாலோ, வீட்டு வைத்தியம் வேண்டாம். நீர்வாழ் பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் தனியாக ஒரு பாட்டிலில் இருக்கட்டும், அதையும் அவர் பார்க்க வேண்டியிருக்கும்.